மதிலோடு முடியும் படம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரைத் தெருவில் வீட்டின் முன்னறையையே கடையாக வைத்திருக்கும் தையற்காரம்மா ஒருவர், என் தோளை அளந்தபடி, "எங்க தெருவையே புதுசாக் கட்டப் போறாங்க சார். ரோடு, கால்வாய், விளக்கு எல்லாம். பிளான் வரைஞ்சது எங்க தங்கச்சி!" என்றார். பெருமையில் அளவைத் தப்பாகக் குறித்துவிட்டு மறுபடி அளந்தார்.

திரும்பும் வழியில், நகராட்சி அலுவலகச் சுவரில் பொதுமக்கள் பார்வைக்காக ஒட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தேன். தெருவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். சாலை ஒன்றரை அடி உயர்கிறது. கால்வாய் இருந்தது, மரம் இருந்தது, மரத்தடியில் நாயோடு நடக்கும் ஒரு கனவான்கூட இருந்தார். வீடுகள்தான் இல்லை. படம் மதில் சுவரோடு நின்றுவிட்டது. அந்தக் கடைக்குள் நான் ஏறிப்போனது இரண்டே படி, மிஞ்சிப்போனால் ஓரடி. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போகும் என்று சொல்ல எஞ்சினியர் பட்டம் வேண்டாம். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

தங்கச்சியை நான் பார்த்ததில்லை. இனி வருகிறவள் என் கற்பனை.

2

அந்தி வெயிலில் ஏரி தகதகவென்று

(அடித்துவிட்டேன். ஏரி தகதகக்கட்டும், அதற்கா கோபப்பட்டேன்?)

பத்து வருடமாக அந்த அலுவலகத்தில் படம் வரைகிறாள் தங்கை. (முதலில் மூன்று வருடம் என்றுதான் எழுதினேன். புதிதாக வந்தவள் என்றால் மதிலுக்கு அப்பால் என்ன என்று கேட்டிருப்பாள். பழகியவளுக்குத்தான் அது தோன்றாது.) மதிலுக்கு உள்ளே தனியார் இடம், நம் வேலையில்லை என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தருவது. ஏரிக்கரைத் தெருவுக்கு வரைந்த பதினொரு படங்களையும் மதிலோடு நிறுத்தினாள். வாராவாரம் அக்கா வீட்டுக்குப் போகிறவள்தான். அந்த இரண்டு படியும் அவள் காலுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு தாளை நீட்டினாள். இருபத்தாறு வீட்டின் சம்மதக் கையெழுத்து.

"ஒருத்தரும் படத்தைப் பாக்கலடி. 'உன் தங்கச்சி வரைஞ்சதுதானே, நாங்க என்னத்தப் பாக்கறது'ன்னு எங்கிட்டச் சொல்லிப் போட்டுக் குடுத்துட்டாங்க."

விடைபெற்று இறங்கும்போது, முதல் படியிலேயே தங்கையின் கால் நின்றுவிட்டது. ஒன்றரை அடி. அவளே எழுதிய எண்.

3

தங்கையின் மேலதிகாரியான எஞ்சினியரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். கறுப்புக் கண்ணாடி, கரகரத்த குரல் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொல்ல அவள் அவர் அறைக்குள் போனதும், உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏரி நிரம்பினா ரோடு முழுகக் கூடாதுன்னுதானேம்மா ஒசத்துறோம்?"

"வீடு முழுகிடும் சார்."

"வீடு நம்ம படத்துல இல்லையேம்மா."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். நல்ல மனிதர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவர் சட்டையை எப்படிப் பிடிப்பது?

4

முடிவு அ: தெருக்காரர்களைக் கூப்பிட்ட கூட்டத்தில் தங்கை புதுப் படத்தை விரிக்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (கிழித்துப் போட்டேன். நான் போன எந்தக் கூட்டத்திலும் யாரும் கைதட்டியதில்லை, டீ எப்போது வரும் என்றுதான் பார்ப்பார்கள்.)

முடிவு ஆ: அவள் வாயே திறக்கவில்லை. மழை வருகிறது. (இருபத்தாறு வீட்டை மூழ்கடித்து நான் நல்ல எழுத்தாளன் என்று பெயர் வாங்க வேண்டுமா? வெட்கக்கேடு.)

முடிவு இ: தங்கை மதிலைத் தாண்டி வரைகிறாள். வாசல், படி, அக்காவின் தையல் மெஷின், மேலே சாலை. அதைக் கடைக்குக் கொண்டுபோகிறாள்.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்கிறாள் அக்கா.

"ஒம்பது நாளா."

"ஒம்பது நாளா வாயில கொழுக்கட்டையாடி வச்சிருந்த? நான் வீடு வீடாப் போய் உன் பேரைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இப்ப அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

தங்கை தலை குனிந்து,

தலை குனிந்து என்ன? இங்கே இரண்டு மணி நேரமாக நிற்கிறேன். ஒன்பது நாள் சும்மா இருந்தாளே என்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த ஒன்பதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். அலுவலகச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஒன்பது நாள் ஆகிறது.

அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு தங்கையைப் படைத்து, அவளைச் சொல்லவைக்க இத்தனை தாள் கிழித்திருக்கிறேன். ஆட்சேபம் தெரிவிக்க நாளை மாலை ஐந்து மணி கடைசி என்று அந்தப் படத்தின் அடியிலேயே போட்டிருந்தது.

இப்போது மணி ஆறரை. எட்டு வரை கடை திறந்திருக்கும். தங்கை என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கிளம்புகிறேன்.