ஏசுரத்தினத்துக்குப் போகாத தட்டு

எழுபத்தொன்பதாம் வருஷம் எங்கள் சித்தூர் சபையின் வாலிபர் சங்கத் தலைவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சிரிக்காதீர்கள். ஏசுரத்தினம் ஐயா நாற்காலியை விடவில்லை, கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. நான் மிஷன் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப்போன பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடிக்கும் ஆட்டத்தைச் சங்கத்துக்குப் பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஈஸ்டர் கழிந்ததும் திருப்பதி சபைக்காரர்களோடு அங்கே பந்தயம்.

தட்டை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. எறிய வேண்டும். எறிந்த கையோடு ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, மறுபக்கம் வெட்டி ஓடி, அடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். இதைத்தான் சாயங்காலம்தோறும் சர்ச் காம்பவுண்டில் வரிசை கட்டிப் பழகினோம்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் லோயிஸ், ஏசுரத்தினம் ஐயாவின் மருமகள். இடது கைக்காரி. அவள் எறிந்தால் தட்டு தானாக வந்து கையில் உட்காரும். வெட்டி ஓடினாளோ, துரத்துகிறவன் வேப்பமரத்தைத்தான் கட்டிப் பிடிக்க வேண்டும்.

அவள் அந்தப் பந்தயத்தில் ஆடியே ஆக வேண்டும். போன ஆவணியில் கல்யாணமாகித் திருப்பதி அலிபிரியிலிருந்து வந்தவள், அதற்குப் பிறகு தாய்வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. புருஷன் சுந்தர்ராஜுக்கு லீவே கிடைக்கவில்லையாம்.

“நான் ஆடறேன்னு தெரிஞ்சா அலிபிரிலேந்து எங்க நைனா நடந்தே வந்துடுவாரு டீச்சர்” என்று அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஒருநாள் ஆள் குறைந்தது. ஏசுரத்தினம் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். மருமகளிடம் வாங்க வேண்டியவர் அவர். லோயிஸ் எறிந்தாள். தட்டு கோணிக்கொண்டு முள்வேலியில் விழுந்தது. அடுத்தது போதகர் வீட்டுக் கூரைமேல். அதற்கடுத்தது ஐயாவின் முழங்காலில். மற்றவர்களுக்குப் போட்டதெல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

“இன்னாம்மா இது? புடிக்கத் தெரியுது, ஓடத் தெரியுது, குடுக்கத் தெரியலையே. திருப்பதில போயி மானம் போவணுமா? இவ வேணாம் டீச்சர், வேற ஆளப் பாருங்க.”

எனக்குச் சுரீரென்று வந்தது. “அவமேல குத்தமில்லைங்க. நீங்க போயி ஓரமா நில்லுங்க” என்றேன்.

“அதெப்படி, நான் நின்னா மட்டும் கோணுது? எம்மேல இன்னா கோவம் இவளுக்கு? ஊட்ல எதுனா குறை வச்சோமா?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எப்போதும் அதட்டுகிற மனுஷன் அப்படிக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் லோயிஸைக் கவனித்தேன். தட்டு அவள் வலது கையில் இருந்தது.

“ஏண்டி, ஐயாவுக்குப் போடறப்ப மட்டும் ஏன் கை மாத்தற?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பெரியவங்களுக்குப் பீச்சாங்கையால குடுக்கலாமா டீச்சர்? வந்த அன்னிக்குக் காப்பி டம்ளரை அந்தக் கையால நீட்டிட்டேன். மாமா வாங்கவே இல்ல, மூஞ்சியத் திருப்பிக்கினாரு. அதுலேந்து அவருக்கு எது குடுத்தாலும் சோத்துக்கையாலதான் குடுக்கறேன்.”

ஏசுரத்தினம் ஐயா மடித்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார். அவருக்கு அந்தக் காப்பி நினைவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பாவம், எட்டு மாதமாக இந்தப் பெண் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அவளிடமிருந்து தட்டை வாங்கினார். இடது கைக்கு மாற்றி, அவளைப் பார்த்து எறிந்தார். அது பாதி வழியிலேயே தரையில் விழுந்து உருண்டது.

“நானும் பீச்சாங்கையால குடுத்துட்டேன். கோவமா?”

“ஐயோ, இல்ல மாமா.”

“அப்ப எடு. உன் கையால போடு.”

வேட்டியை மறுபடி மடித்துக் கட்டினார். வேப்பமரப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வேலிப் பக்கம் வெட்டி ஓடினார். லோயிஸ் இடது கையால் எறிந்தாள். தட்டு நேராக அவர் நெஞ்சுக்குப் போனது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

“உங்க நைனாவுக்குச் சொல்லியனுப்பும்மா” என்றார். “அவரு பக்கத்துல எனக்கும் ஒரு எடம் புடிச்சு வைக்கச் சொல்லு.”