பச்சைக் கட்டம்

மாதாப்பூரில் மென்பொருள் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனி, 2007இல் சமூக சேவையும் செய்யத் தொடங்கியது. அதற்குப் பொறுப்பாளர் ஸ்ரீகாந்த். கொண்டாப்பூர் பெண்கள் இல்லத்தில் இருந்த பதினொரு பேரும் அவருடைய எக்ஸெல் தாளில் பதினொரு வரிசைகள். சிவப்பு என்றால் காயம், மஞ்சள் என்றால் தேறுகிறார், பச்சை என்றால் தேறிவிட்டார். டிசம்பருக்குள் எல்லாம் பச்சையாகிவிடும் என்று அமெரிக்கத் தலைமையகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சாந்தா ஏற்கெனவே பச்சை. ஆறு வருஷம் ஒரு வீட்டில் பூட்டிவைத்து வேலை வாங்கப்பட்டவள்; அடியும் உண்டு. இல்லத்துக்கு வந்த எட்டு மாதத்தில் அழுததில்லை, எதையும் மறுத்ததில்லை. கம்பெனியின் ஆண்டு விழா மேடையில் தன் கதையைச் சொல்வாயா என்று ஸ்ரீகாந்த் கேட்டபோதும், "சரி சார்" என்றாள்.

"பாருங்க மேடம், என்ன கான்ஃபிடன்ஸ்," என்றார் அவர், இல்லத்தின் சமூகப் பணியாளர் லலிதாவிடம்.

"அவ எல்லாத்துக்கும் சரின்னுதான் சார் சொல்லுவா. மாட்டேன்னா அந்த வீட்ல அடி விழும்."

"அப்ப நீங்களே வேணாம்னு சொல்லிடுங்களேன்."

லலிதாவுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சாந்தாவுக்காக முடிவெடுக்க ஆளில்லாத குறை அந்த ஆறு வருஷமும் இருந்ததில்லை. "அவ பதில அவதான் சொல்லணும் சார்."

லலிதாவின் வேலையில் எக்ஸெல்லில் ஏற்றும்படி எதுவுமில்லை. சாந்தாவின் அறைக்கதவைத் தட்டிவிட்டு, குரல் வரும்வரை நிற்பாள். சாவி சாந்தாவிடமே. நடந்ததைத் தானாகக் கிளறியதில்லை. தினமும் காலையில் அடுப்படியிலிருந்து வந்து, "தோசையா, உப்புமாவா?" என்பாள்.

"உங்க இஷ்டம்க்கா."

"என் இஷ்டம் இருக்கட்டும். உன் இஷ்டம்?"

சாந்தா தரையைப் பார்ப்பாள். அன்றைக்கும் உப்புமாதான்.

விழாவைப் பற்றியும் லலிதா உள்ளது உள்ளபடி சொன்னாள்: முந்நூறு பேர், கண் கூசும் விளக்கு, வாசல் மேடைக்கு எதிர்க்கோடியில். "போலாம், போகாமலும் இருக்கலாம். போகலைன்னாலும் இந்த ரூமும் சாவியும் உன்னோடதுதான்."

விழா நாளன்று ஸ்ரீகாந்த், கம்பெனியின் நீல நிறத்திலேயே எடுத்த புடவையோடு வந்து, அறைக்கதவைத் தள்ளினார். பூட்டியிருந்தது. லலிதா சொன்ன பிறகு தட்டினார். கதவு அரையடி திறந்தது. சாந்தா அதைப் பிடித்தபடி நின்றாள்.

"ரெடியாம்மா? கார் நிக்குது."

"நக்கோ சார்."

வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் வார்த்தை. தமிழில் அதைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"என்னது?"

"நான் வரல சார்." இது தமிழிலேயே வந்தது. கதவு சாத்திக்கொண்டது; உள்ளே சாவி திரும்பியது.

ஸ்ரீகாந்த் காரில் ஏறியதுமே லேப்டாப்பைத் திறந்து பச்சையைச் சிவப்பாக்கினார். "எட்டு மாசம் கவுன்சிலிங். இதான் ரிசல்ட்டா மேடம்?"

"ஹவ் சார், இதான்," என்று அந்த ஊர் ஆமாவையே போட்டாள் கார் ஜன்னலருகே நின்ற லலிதா.

மறுநாள் காலை கதவைத் தட்டிவிட்டு நின்றாள். சாந்தா திறந்தாள்.

"அவரு கோவிச்சுக்கிட்டாராக்கா?"

"ஆமா. தோசையா, உப்புமாவா?"

சாந்தா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தோசை. உங்க உப்புமாவ வாயில வைக்க முடியலக்கா. எட்டு மாசமா."