ஒரு கேமால் போனது

விடியப்புறம் வெள்ளவத்தை ஒழுங்கையைச் சுற்றிவளைத்த பொலிஸார், பாலேஸ்வரியின் தம்பி யோகநாதனை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலை முழுக்கப் பொலிஸ் நிலைய வாசலில் தவம் கிடந்தும் அவளை உள்ளே விடவில்லை. பின்னேரம் பொரளை மைதானத்தில், வலைக்கு அந்தப் பக்கம், அதே நிலையத்து இன்ஸ்பெக்டர் ரணவீர அவளுக்கு எதிராக ஆட டென்னிஸ் மட்டையோடு நிற்கிறார். விதியைப் பாருங்கள்!

முன்பெல்லாம் டென்னிஸ் என்றால் கிளப் துரைமாரின் வெள்ளைக் காற்சட்டையும் நோகாத கைதட்டலும்தான். சம்பளத்துக்கு ஆடும் இந்த லீக் வந்துதான் மைதானத்துக்குள் பப்பரே வாத்தியமே நுழைந்தது. ஆண்கள், பெண்கள், கலப்பு என்று ஐந்து ஆட்டம். ஐந்திலும் எடுத்த கேம்களைக் கூட்டித்தான் வெற்றி. பெண் எடுத்த கேமுக்கும் ஆண் எடுத்ததற்கும் ஒரே மதிப்பு. அதற்காகவே பாலேஸ்வரிக்கு இந்த லீக் உயிர்.

இன்று கலப்பு ஆட்டம்தான் கடைசி. கூட்டிப் பார்த்தால் இரண்டு அணியும் சமம். மிஞ்சியது ஒரே கேம், அதிலும் புள்ளி மூன்றுக்கு மூன்று. இனி ஒரு புள்ளி, அதோடு சரி. சேர்வ் பாலேஸ்வரியுடையது.

"பயப்படாதீங்க அக்கா, உங்கட சேர்வ அவங்களால தொடவே ஏலாது," என்றான் அவளுடைய ஜோடி, மருதானை நிலாம்.

அவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ரணவீரவைப் பார்த்தாள். இத்தனை சனத்துக்கு முன்னால் தோற்றால் அந்த மனுசன் நேரே நிலையத்துக்குப் போய் யார் மேல் ஆத்திரத்தைக் காட்டுவான்? ஐயோ, என்ர தம்பி!

முதல் பந்தை வலையில் அடித்தாள். இரண்டாவதையும் தெரிந்தே வலையில் அடித்தாள். புள்ளியும் வெற்றியும் அந்தப் பக்கம் போயின; பப்பரே நின்றுபோனது.

கை குலுக்க வந்த ரணவீரவிடம் தம்பியின் பெயரைச் சிங்களத்தில் சொன்னாள்.

"அவனா? நீங்கள் வாசலை விட்டுப் போன கையோடு விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேனே, நோனா," என்றார் அவர் சாதாரணமாக.

நிலாமுக்கும் சிங்களம் விளங்கும்.

"அப்ப அந்த ரெண்டு பந்தையும் வேணுமெண்டேதானா வலையில அடிச்சீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள், வேலிக்கு அப்பால் யோகநாதன் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றான்.

"அக்கா! வெண்டிட்டியளோ?"

"ஒரு கேமால போச்சு, மச்சான்," என்றான் நிலாம்.

அதற்கு மேல் அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளோடு ஜோடி சேரவும் இல்லை.