செவ்வாய்க்கிழமை அதிர்வு

இங்குன் மூன்றாவது தடவையாகக் காபிக் குடுவையை நிரப்பும்போது அழைப்பு மணி அடித்தது. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வந்தவர்கள் கழற்றிப்போட்ட காலணிகளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். டிராம் திட்ட அலுவலகத்து ஹோக்கன் நின்றான்.

"பெட்டிய எடுக்க இன்னிக்குத்தான் தேதி. உங்கப்பா எகில் இல்லையா?"

"அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம்."

வருத்தம் தெரிவித்தான். ஆனால் திரும்பிப் போகவில்லை.

பெர்கன் நகரத்தின் அந்த ஒடுங்கிய மரவீட்டுத் தெரு வழியாகத்தான் டிராம் போகும் என்று அலுவலகம் வரைபடத்தில் கோடு போட்டுவிட்டது. அந்த அதிர்வை வீடு தாங்குமா என்று அளந்து பாருங்கள் என அப்பா ஐந்து கடிதம் எழுதினார். நான்குக்கு 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று பதில் வந்தது. ஐந்தாவதற்குத்தான் அதிர்வு அளக்கும் பெட்டி வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தது. இரண்டு வாரம் மெதுவாக நடமாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும் இவன்தான். அளவில் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாதென்று அப்பா ரப்பர் அடி வைத்த வீட்டுச் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, வெறும் கம்பளிக் காலுறையோடு நடந்தார். படிகளோ மெழுகு போட்டவை.

ஹோக்கன் குனிந்து பெட்டித் திரையைப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது பத்துக்கு மட்டும் பெரிசா ஏறியிருக்கு. அலமாரி ஏதாவது விழுந்துச்சா?"

"அப்பா விழுந்தார்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது.

"வீட்டுக்குள்ள நடக்கறத நாங்க கணக்குல சேர்க்கறதில்லங்க. அத அழிச்சிடுவோம்."

இங்குன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இந்த மனுஷனுக்கு அப்பா விழுந்தது வெறும் அளவுக் கோளாறு.

"அழிக்கக் கூடாது. நீங்க சொன்னபடி நடந்தவர் விழுந்தார்னு எழுதுங்க."

"அதுக்குப் படிவத்துல இடமில்லங்க."

"பெட்டி இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

அலமாரித் தட்டிலிருந்து அப்பாவின் வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டளவு பெரிது. "அப்ப இதையும் பதிஞ்சுக்கட்டும்" என்று மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி முதல் படியில் ஓங்கி மிதித்தாள். திரையில் எண் துள்ளியது. பக்கத்து வீட்டு பெரித் எழுந்து தானும் வந்து மிதிக்க வாசலுக்குப் போய்த் தன் காலணியைத் தேடினாள். இங்குன் இரண்டாவது படியை மிதித்தாள். மேசையில் கோப்பைகள் கிணுகிணுத்தன.