முள்ளுக்கு அந்தப்பக்கம்

ஓரிக்கைச் சேரியிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதையை ஆதிகேசவன் முள் வெட்டிப் போட்டு அடைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சேரிப் பெண்கள் அவர் கழனிக்கு நடவு நட வராமல், காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் இழைக்கப் போய்விட்டார்கள் என்று ஆத்திரம். பாதை அவர் நிலத்தோரம் போனது, அடைத்தார். ஆட்சி மாறிய நேரம், புது ஆட்கள் கேட்பார்கள் என்று சேரிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மருத்துவச்சி அம்சாவின் புருஷன் சிட்டிபாபு ஐப்பசி மழையில் செத்துப்போனான். சவப்பெட்டியை ஏரிக்கரையைச் சுற்றித்தான் தூக்கிப் போனார்கள். சேற்றில் கால் வழுக்கி, பெட்டி தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவேயில்லை.

அதன்பிறகு விடிந்ததும் முள்ளுக்கு எதிரே வந்து மண்டியிடுவாள். "ஆண்டவரே, வழிய திறந்துவுடும்." பொறுமையாக இரு என்பார் சர்ச்சு உபதேசியார். பொறுத்துப் பொறுத்து அவளுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. "செங்கடலயே பொளந்தவரு நீரு. இந்த முள்ளா உமக்குப் பெருசு?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள்.

மாசியில் ஒரு நாள் அவள் ஜெபத்திலிருக்கும்போதே அந்தப்பக்கம் ஜெயம்மாள் ஓடிவந்தாள். ஆதிகேசவனின் மனைவி.

"அம்சா, மருமவ வடிவுக்கு வலி எடுத்துக்கினு இருக்குது. புள்ள கால் முன்னாடி வருது. சீக்கிரம் வாம்மா."

"எப்பிடிம்மா வர்றது? ஏரிக்கரைய சுத்தி வர்றதுக்குள்ள..."

அவள் முடிக்கவில்லை. ஜெயம்மாள் வெறுங்கையால் முள்ளை இழுக்கத் தொடங்கியிருந்தாள். கையெல்லாம் ரத்தம். இந்தப்பக்கமிருந்து அம்சாவும் இழுத்தாள். 'எங்களுக்கு இத்தன நாளு, இவங்களுக்கு ஒரு நொடியா?' என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே உள்ளே நுழைந்து ஓடினாள்.

உச்சிப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் ஆதிகேசவன் ஆளோடு முள்ளை எடுத்துவந்தார். ஜெயம்மாள் பாதையில் வந்து நின்றுகொண்டாள்.

"அம்சா தெனம் வந்து புள்ளைய குளிப்பாட்டணும். போட்டுத்தான் ஆவணும்னா என்மேல போடுங்க."

அவர் முள்ளோடு திரும்பிப் போனார். அன்றைக்கே பெண்கள் அந்த வழியாக டவுனுக்கு நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அம்சாவைச் சாட்சி சொல்ல எழுப்பினார்.

"கேட்டேன், தொறந்தாரு. அவருதான் தொறந்தாரு, அதுல சந்தேகமில்ல. ஆனா எங்க வூட்டுக்காரரு பெட்டி சேத்துல வுழுறதுக்கு முன்னாடியே தொறந்திருக்கலாம். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போவல. அதையும் அவருகிட்டதான் சொல்லிக்கினு இருக்கிறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.