படிக்கட்டுப் பக்கத்து நாற்காலி

இந்த வசந்தத்தில் மூன்றாவது தடவையாக டுவைட் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். தரைக்குக் கீழே இருந்த அந்த டிவி அறையில் மற்ற மூன்று பேரும் சோளப்பொரியை மறந்து அவனையே பார்த்தார்கள்.

"அண்ணே, வழி தப்பிப் போறீங்க. ஜன்னல் இந்தப் பக்கம்," என்றாள் பாட்ஸி.

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் போறீங்களா? க்ளென், உன் அத்தானுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாரு."

க்ளென், டுவைட்டின் மனைவி லோர்னாவின் தம்பி. பாட்ஸி அவன் மனைவி. நம்ம கூடைப்பந்து டீம் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் ஆடுகிற நாளெல்லாம் இருவரும் ஒரு தட்டு அவித்த முட்டையோடு வந்து இறங்கிவிடுவார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வது குழந்தைக்குக்கூட வரும். அந்த வீட்டுப் பழக்கம் வேறு. பெட்டிங்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் போடுவார்கள். ஆறரை என்று போட்டிருந்தால், நம்ம டீம் ஏழு புள்ளி கூடுதலாக எடுத்து ஜெயிக்க வேண்டும். ஆறே புள்ளியில் ஜெயித்தால் அவர்கள் ஊரான கோகோமோ முழுக்கக் கொண்டாடும். நம்ம டீம் எண்ணைத் தாண்டும் என்று சொன்னவன் மட்டும் தோற்றவன். தாண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும், தாண்டாது என்பவர்கள் படிக்கட்டுப் பக்கம். காசு கிடையாது, எழுதி வைப்பதும் கிடையாது. ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறியும் நேரத்தில் நாற்காலி எங்கே கிடக்கிறதோ அதுதான் பேச்சு. சீசன் முடிவில் அதிகம் தோற்றவர் ஜூலை மாதச் சர்ச் விருந்துக்குப் பரம எதிரியான நியூயார்க் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

அந்தச் சட்டை டுவைட்டின் உடம்புக்கென்றே தைத்தது மாதிரி ஆகியிருந்தது. எத்தனை வருஷமானாலும் அவன் ஜன்னலை விட்டு நகர்ந்ததில்லை. எண் பன்னிரண்டரையாக இருந்தாலும், எதிரே மலை மாதிரி டீம் வந்தாலும், "நம்ம பசங்களை நாமளே குறைச்சுச் சொன்னா, அப்புறம் நாம என்னத்துக்கு?" என்பான். சர்ச்சில் பியானோ வாசிக்கிற அம்மாள்கூட அவனை நியூயார்க்காரர் என்றுதான் கூப்பிடுவாள்.

அப்பேர்ப்பட்டவன் இந்த வருஷம் மூன்று முறை படிக்கட்டுக்குப் போயிருக்கிறான். முன்னே போன இரண்டு முறையும் அவன் சொன்னதுதான் நடந்தது. அன்று மூன்றாவது. நம்ம டீம் நாலு புள்ளியில் ஜெயித்தது, எண் ஐந்தரை. பாட்ஸி தலையில் கை வைத்துக்கொண்டாள். டுவைட் சந்தோஷப்படக்கூட இல்லை. முட்டையில் ஒன்றை எடுத்து, அதன்மேல் தூவியிருந்த மிளகாய்ப்பொடியை ஊதிவிட்டு நிதானமாகத் தின்றான். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஆச்சரியப்படாதவனைப் பார்த்துத்தான் லோர்னாவுக்குச் சந்தேகம் தட்டியது.

அவர்கள் மகள் கெண்ட்ரா, நம்ம டீமிலேயே வேலை செய்கிறாள். ஆட்டக்காரர்களின் தசையைப் பிடித்துவிட்டு, கட்டுப் போட்டு, ஐஸ் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த வேலைக்குப் போட்டியிட்ட கூட்டத்தில் தன் மகளுக்குக் கிடைத்ததை நினைத்து லோர்னா சர்ச்சில் அழுதிருக்கிறாள். யாருக்கு எங்கே வலி என்று வெளியே ஒரு வார்த்தை போனாலும் வேலை போய்விடும், பெற்றவர்களிடம்கூடச் சொல்லக்கூடாது. முதல் நாளே கெண்ட்ரா சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னாள்: "அப்பா, என்கிட்ட நீங்க கேக்கக் கூடாது. கேட்டா நான் எழுந்து போயிடுவேன்." டுவைட் வாயைப் பூட்டிச் சாவியை எறிகிற மாதிரி சைகை காட்டினான்.

ஆனால் டெவரோ தடுமாறுகிற ஆட்டங்களில் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போக இவனுக்கு யார் சொல்கிறார்கள்? டீமின் உயிரே டெவரோதான். அவன் நன்றாக ஓடினால் எண் தாண்டும், நொண்டினால் தாண்டாது. இன்னொன்றும் லோர்னாவின் கண்ணில் பட்டிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் டுவைட் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விடுகிறான். பிறகு வரும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. துடைத்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை ஒரு மனுஷனுக்கு இந்த வயதிலா வரும்? அதுவும் ஒரு சட்டைக்காக, மகளின் பிழைப்பைப் பிடுங்கியா? நேராகக் கேட்டால் இல்லை என்பான். அவன் இல்லை என்றால் தன்னால் நம்ப முடியாது. நம்ப முடியாத ஒரு பதிலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை அவன் கராஜிலிருந்து வந்து காபிக்கு உட்கார்ந்ததும், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "கெண்ட்ரா போன் பண்ணியிருந்தா."

அவன் நிமிர்ந்தான். "எப்போ?"

"நீ கராஜ்ல இருந்தப்போ. டெவரோவுக்கு இடது முழங்கால் வீங்கியிருக்காம். நாளைக்கு ஆடறதே சந்தேகம்னா. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னா."

அத்தனையும் கட்டிவிட்டது. முழங்கால் என்று வாயில் வந்ததற்கும் காரணம் இருந்தது. போன ஆட்டத்தில் டெவரோ எம்பிக் குதித்துவிட்டு இடது காலை ஊன்றாமல் வலது காலிலேயே இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். பள்ளிக்கூட டீமில் ஆடியவளுக்கு அது தெரியாதா. அவள் கணக்கு எளிதாக இருந்தது. கெண்ட்ரா இவனுக்குத் துப்புச் சொல்கிறவளாக இருந்தால், இது பொய் என்று இவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு நாற்காலி ஜன்னல் பக்கம் போகும். படிக்கட்டுப் பக்கம் போனால், இவனுக்கு வேறு செய்தி எதுவும் கிடையாது. மகள் சுத்தம், இவனும் சுத்தம்.

டுவைட் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்படியா," என்றான். கோப்பையின் காதைத் திருப்பியபடி, "அவளே சொன்னாளா?" என்றான்.

"பின்னே நானா சொல்றேன்?"

அவன் எழுந்து வெளியே போனான். அன்று பகல் முழுக்கப் புல்வெட்டும் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து எல்லாரும் டீமின் மஞ்சள் சட்டைக்கு மாறினார்கள். எண் ஆறரை. அறைக்குள் வந்ததுமே டுவைட் நாற்காலியை எடுத்து நேராகப் படிக்கட்டுப் பக்கம் போட்டான். லோர்னாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பாவி மனுஷா, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று உள்ளே சொல்லிக்கொண்டாள். பன்றி இறைச்சி பொரித்து வைத்த ரொட்டியில் பெரியதாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

அப்போது க்ளென்னும் நாற்காலியைத் தூக்கினான். படிக்கட்டுப் பக்கம் போய் டுவைட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"இதென்ன, ஆம்பளைங்க எல்லாம் ஒரு பக்கமாக் கட்சி மாறிட்டீங்க?" என்றாள் பாட்ஸி.

"சும்மாதான்," என்றான் க்ளென். அக்காவைப் பார்க்காமல் சொன்னான்.

லோர்னாவின் கை தட்டிலேயே நின்றது. அவள் க்ளென்னிடம் எதுவும் சொல்லவில்லையே. டிவியில் ஆட்டத்துக்கு முந்தின பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓடும் பட்டையில் எண்ணைப் பார்த்தாள். ஆறரை இல்லை, ஐந்து. விளம்பரம் போய் வந்தது. நாலு. அவ்வளவு பேர் சட்டென்று நம்ம டீமுக்கு எதிராகப் பணத்தைக் கொட்டினால்தான் அப்படி இறங்கும். அவளுடைய சமையலறையில், வெண்ணெய்க் கத்தியும் கையுமாக அவள் சொன்ன ஒரு வார்த்தை அந்தப் பட்டைக்குள் புகுந்து எண்ணை இறக்கிக்கொண்டிருந்தது.

"டுவைட், நீ க்ளென்கிட்ட என்ன சொன்னே?"

"எதுக்குக் கேக்கறே?"

"என்ன சொன்னேன்னு கேட்டேன்."

க்ளென் குறுக்கே வந்தான். "அக்கா, அத்தான் மேல கோவப்படாதே. முழங்கால் விஷயத்தை என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நான் இன்டர்நெட்ல ரசிகர் பக்கத்துல ஒரு வரி போட்டேன். அங்க என்னை யாரும் மதிக்க மாட்டாங்க. வாராவாரம் என் கணிப்பைப் போட்டுக் கிழிப்பானுங்க. இந்த ஒரு தடவை..."

"என்ன வரிடா போட்டே?"

"வீட்டு ஆள் சொன்ன செய்தின்னு போட்டேன்."

பாட்ஸி, "கடவுளே, மண்டையில என்னத்த வெச்சிருக்கே நீ," என்றாள். அதற்குள் டிவியில் பேசுகிறவர் காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திக்கொண்டு எதையோ கேட்டார். பிறகு அறிவித்தார்: டெவரோ இன்று ஆடவில்லை. இடது முழங்காலில் வீக்கம்.

 லோர்னா மெல்லக் கீழே, கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா, உண்மைதானே," என்றான் க்ளென், ஆறுதல் சொல்கிற குரலில்.

"உண்மை இல்லடா. நான் கட்டிவிட்டது." அவள் டுவைட்டைப் பார்த்தாள். "கெண்ட்ரா போனே பண்ணல. அவதான் உனக்குச் சொல்றாளோன்னு பாக்கறதுக்காகச் சொன்னேன்."

டுவைட்டுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் அவன் முகம் கோபப்படவில்லை, கிழடு தட்டிப்போனது. "அவ எனக்கு ஒண்ணுமே சொன்னதில்ல, லோர்னா. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலைல கார் ஓட்டிட்டே கூப்பிடுவா. நாய் எப்படி இருக்கு, கொல்லைல தக்காளி வெச்சாச்சான்னு கேப்பா. டெவரோவுக்கு ஏதாவதுன்னா அன்னிக்குக் கூப்பிட மாட்டா. அவளுக்குத்தான் பொய் சொல்ல வராதே, அதனால கூப்பிடவே மாட்டா. நான் கராஜ்ல போனை வெச்சிட்டு நின்னுட்டே இருப்பேன். அடிக்கலேன்னா படிக்கட்டுப் பக்கம் உக்காருவேன். அவ்வளவுதான்."

"நேத்து?"

"நேத்தும் அடிக்கல. நீ வந்து சொன்னதும் சரியாப் போச்சு. ஆனா, உன்கிட்ட மட்டும் சொல்லியிருக்காளேன்னு மனசுல சுருக்குன்னுச்சு. அந்த வருத்தத்துலதான் இவன்கிட்ட..." 

ஆட்டம் தொடங்கிப் போய்க்கொண்டிருந்தபோது லோர்னாவின் போன் அடித்தது. கெண்ட்ரா. ஆட்ட நேரத்தில் அவள் கையில் போன் இருக்கவே கூடாது.

"அம்மா, நீ யார்கிட்ட என்ன சொன்னே?"

"எங்கேடி இருக்கே?"

"கார் நிறுத்தற இடத்துல. என் அடையாள அட்டையை வாங்கிட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் பேசலாம்னு சொல்லி வெளிய உக்கார வெச்சிருக்காங்க. டாக்டர், கோச், டெவரோ, நான். முழங்கால் விஷயம் வேற யாருக்குமே தெரியாது. மாமா போட்டதைப் படிச்சுக் காட்டினாங்க. அங்க அவர் பேருக்குப் பக்கத்துல வெச்சிருக்கற படத்துல நானும் நிக்கறேம்மா. போன கோடையில நம்ம தோட்டத்துல எடுத்தது. கையில தட்டை வெச்சிட்டுச் சிரிச்சிட்டு நிக்கறேன்."

"கெண்ட்ரா, கேளு. அது நான் கட்டிவிட்ட கதை. உங்கப்பாவைச் சோதிக்கறதுக்காகச் சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல."

"நான் ஒண்ணும் சொல்லலேன்னு எனக்குத் தெரியாதா?"

"அதான், நான் வந்து அவங்ககிட்டச் சொல்றேன்."

 கெண்ட்ரா தாழ்ந்த குரலில் கேட்டாள். "அம்மா, இது நிஜமாவா? இல்ல எனக்காக இப்ப யோசிச்சுச் சொல்றியா? இடது முழங்கால்னு எப்படிம்மா உன் வாயில வரும்? என் பையை ஏதாவது பாத்தியா? என் போனை?"

கிளம்பி வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு லோர்னா கார்ச் சாவியை எடுத்தாள். தன் வயிற்றில் பிறந்தவளே இப்படிக் கேட்டால், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விசாரிக்கிறவர்கள் என்ன கேட்பார்கள்?

டுவைட் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். "இருந்து நாயைப் பாத்துக்கோ." கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் படியேறி வாசல்வரை வந்து, அதற்கு மேல் வராமல் நின்றுகொண்டான்.

டீமின் அரங்கம் இருக்கிற இண்டியானபோலிஸ் போகிற நெடுஞ்சாலையில் ரேடியோவை அவள் போடவில்லை. இருபுறமும் உழுது போட்ட கரிய வயல். சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். 'ஐயா, நான் என் வீட்டுக்காரர் மேலே சந்தேகப்பட்டு ஒரு பொய் சொன்னேன், அது உண்மையாகிவிட்டது.' கேவலமாக இருந்தது. 'டெவரோ வலது காலில் இறங்கியதைப் பார்த்தேன், நானும் ஆடியவள்.' இது அதைவிட மோசம். எழுபதை நெருங்குகிற கிழவி டிவியில் பார்த்தே கண்டுபிடித்தாளாம். எப்படி மாற்றிச் சொன்னாலும் மகளைக் காப்பாற்ற ஒரு அம்மா ஜோடிக்கிற கதையாகத்தான் அது காதில் விழுந்தது. அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஊருக்குள் நுழைந்து அரங்கத்துக்கு இரண்டு தெரு இருக்கும்போது சிக்னலில் நின்றாள். அப்போதுதான் ஆட்டம் விட்டிருந்தது. தெரு கொள்ளாமல் மஞ்சள் சட்டைகள் வந்தன. டெவரோ இல்லாமலே ஜெயித்திருக்கிறார்கள் என்று கூச்சலிலிருந்தே தெரிந்தது. எத்தனை புள்ளியில் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. ஒருவரும் வழி விடவில்லை. அவள் சட்டையைப் பார்த்துவிட்டு, தங்கள் ஆள் என்று வண்டியின் முன்பக்க மூடியைத் தட்டினார்கள், குனிந்து கண்ணாடி வழியாகச் சிரித்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், அரங்கத்தின் நிழல் விழுந்த இடத்தில், கார்கள் வரிசையாகத் தெரிந்தன. அதில் எது கெண்ட்ராவின் கார் என்று அங்கிருந்து தெரியவில்லை. கன்னத்தில் மஞ்சள் பூசியிருந்த ஒரு பெண் முன்கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து ஒட்டவைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து லோர்னாவும் கையை வைப்பதற்காகக் காத்து நின்றாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். லோர்னா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்தக் கைக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தாள்.