தடித்த இதயம்

உடை மாற்றும் அறையில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் தன் தங்கை கணவனின் ஸ்கேன் அறிக்கையை மூன்றாம் முறையாகப் படித்தார். அவனுடைய சிறுநீரகம் மெல்லக் கெட்டு வருவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது இதயத்தின் இடதுபக்கத் தசையும் தடிக்கத் தொடங்கியிருந்தது. மறுவாரம் அவனுக்குப் போட்டி.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்களே மச்சான்! அடிச்சு அடிச்சு தோள் தடிக்கலையா? இதயமும் அப்படித்தான் ஏறியிருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு மாப்ள?"

"கிட்னியாலதான் தடிக்குதாம், பிரஷரைக் குறைக்கணுமாம், மேடையே ஏறக்கூடாதாம். எனக்கு மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா? அந்த ஆளு வாழ்க்கையில ஒரு குத்தாவது வாங்கியிருப்பாரா?"

"வலி வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காங்க. நீ மேடையில விழுந்தா தங்கச்சிக்கு நான் என்ன சொல்ல?"

"ஜெயிச்சுட்டு விழுந்தான்னு சொல்லுங்க."

கையுறையை எடுக்க அவன் இரும்பு அலமாரிக்குள் வலது கையை விட்டான். பயிற்சியாளர் ஆற அமர யோசிக்கவில்லை. கதவை முழு பலத்தோடு அறைந்து சாத்தினார். விரல் எலும்புகள் நொறுங்கின. அலறிக்கொண்டே அவன் இடது கையால் விட்ட குத்தில் அவருடைய முன்பல் இரண்டு தெறித்து விழுந்தன.

"உனக்கென்ன பைத்தியமாய்யா? இது எப்போ கூடும்?"

"ரெண்டு மாசம் ஆகும்." அவர் ரத்தத்தைத் துப்பினார். "அதுவரை மாத்திரையை ஒழுங்கா போடு. இடது கையை வச்சு மேடை ஏறலாம்னு நினைச்சே, அலமாரி இங்கேதான் இருக்கு."